அடக்க ஆராதனையில் நரகப் பிரசங்கம்: அப்பா இப்போது எங்கே?

காட்டேரிக்காரன் | திங்கள், இரவு 10.15

பெயரைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம். குன்னூர் பக்கத்தில் காட்டேரி என்று ஊரே இருக்கிறது, அருவியும் இருக்கிறது.

அப்பா போன மாதம் தவறிவிட்டார். சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கை மலைநாட்டிலிருந்து வந்த குடும்பம். தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் கிடந்து, அப்புறம் இந்த மலைக்கு வந்தவர். முப்பது வருஷத்துக்கு மேல் ஒரு டீ ஃபேக்டரியில் டிரையர் அடுப்புக்கு விறகு தள்ளுகிற வேலை. முன்னங்கை இரண்டிலும் முடியே இருக்காது, வெக்கையில் கருகிப் போயிருந்தது. ஞானஸ்நானம் பெற்றவர்தான். ஆனால் கமிட்டியில் யாரோடோ ஒரு சண்டை, அதோடு கோவிலுக்குப் போவதை நிறுத்திவிட்டார். சம்பள நாளில் கொஞ்சம் குடிப்பார். யார் காசையும் தொட்டதில்லை.

அடக்கத்தன்று எங்கள் ஆயர் ஊரில் இல்லை. சொந்தக்காரர் ஒருவர் வெளியூர்ப் பிரசங்கியார் ஒருவரைக் கூட்டி வந்தார். பெட்டியை இன்னும் மூடவில்லை. அவர் லூக்கா 16 எடுத்தார், ஐசுவரியவானும் லாசருவும். செத்த பிறகு பணக்காரன் நெருப்பில் வேதனைப்படுகிற, அவன் வாசலில் கிடந்த ஏழை லாசரு ஆறுதல் பெறுகிற கதை. “இந்த நிமிஷம் இந்த ஆத்துமா எங்கே இருக்கிறது என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்” என்றார். விரல் நுனியில் ஒரு சொட்டுத் தண்ணீர் கேட்டுக் கதறுகிறதை நடித்தே காட்டினார்.

அன்றிலிருந்து அம்மா தினமும் படுக்கப் போகுமுன் அப்பா படத்துக்கு முன்னால் ஒரு டம்ளர் தண்ணீர் வைக்கிறாள். படையல் எல்லாம் இல்லை, அம்மா அதெல்லாம் செய்கிறவள் இல்லை. ஏன் என்று கேட்டேன். “நாக்கு வறண்டு கிடப்பாரேடா” என்றாள்.

நரகத்தைப் பற்றி நம் சபைகள் உண்மையில் என்னதான் சொல்கின்றன? எல்லாரும் ஒன்றையேவா சொல்கிறார்கள்? வசனத்தை மட்டும் அனுப்பிவிட்டுப் போய்விடாதீர்கள். வாட்ஸ்அப்பில் ஏற்கெனவே வண்டி வண்டியாக வந்துவிட்டது.

அக்கினி ஜுவாலை | திங்கள், இரவு 10.50

பிரதர், அம்மாவுக்காக ஜெபிக்கிறேன். நான் கோத்தகிரி. பெந்தெகொஸ்தே சபை.

மனசு புண்படுத்த எழுதவில்லை. ஆனால் நரகத்தைப் பற்றி அதிகம் பேசியது ஏதோ ஒரு கடுகடுப்பான பிரசங்கியார் இல்லை, இயேசுவேதான். புழு சாவாது, அக்கினி அவியாது என்று மாற்கு 9-ல் சொன்னவர் அவர். ஸ்கேனில் கட்டி தெரிந்த பிறகு ‘ஒன்றும் இல்லை, வீட்டுக்குப் போங்கள்’ என்று சொல்கிற டாக்டரை நல்லவர் என்போமா? நித்திய ஆக்கினை உண்டு, முடிவில்லாதது, மனுஷன் உணர்ந்து அனுபவிப்பது. எங்கள் சபை விசுவாசம் அதுதான், நான் மழுப்பமாட்டேன்.

ஒன்று மட்டும். “எனக்குத் தெரியும்” என்று அவர் சொன்னது தப்பு. சிலுவையில் தொங்கிய கள்ளனுக்குக் கடைசி மூச்சில் கிடைத்தது. உங்கள் அப்பாவுக்கும் கர்த்தருக்கும் நடுவில் கடைசி நிமிஷத்தில் என்ன நடந்தது என்று அந்தப் பிரசங்கியார் பார்த்தாரா?

பழைய உபதேசியார் | செவ்வாய், காலை 6.20

தம்பி, ஊட்டியிலிருந்து எழுதுகிறேன். வயது எழுபத்துநாலு. நாற்பது வருஷம் சி.எஸ்.ஐ. சபையில் உபதேசியார் வேலை பார்த்தவன். எத்தனை அடக்கத்துக்கு நின்றிருக்கிறேன் என்று கணக்கில்லை. பெட்டிக்கு முன்னால் நின்று செத்தவனுக்குத் தீர்ப்பு எழுதுவது எங்கள் ஆராதனை முறையில் எங்கேயும் கிடையாது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

அப்புறம், அவர் எடுத்த வேதபாகத்தையே ஒழுங்காக வாசித்தாரா என்று பாருங்கள். லூக்கா 16:23-ல் நம் தமிழ் வேதத்தில் என்ன சொல் இருக்கிறது? நரகம் இல்லை. “பாதாளத்திலே” என்று இருக்கிறது. கத்தோலிக்கரோடு சேர்ந்து செய்த பொது மொழிபெயர்ப்பிலும் பாதாளம்தான்.

இது சின்ன விஷயம் இல்லை. எபிரெயத்தில் ‘ஷியோல்’ என்று ஒரு சொல், பழைய ஏற்பாட்டில் 65 தடவை வருகிறது. நல்லவன் கெட்டவன் எல்லாரும் போய்ச் சேருகிற இருட்டான இடம். யோசேப்பு செத்துவிட்டான் என்று நினைத்து அழுத யாக்கோபு, நானும் அங்கேதான் இறங்குவேன் என்கிறான். யோபு, என்னை அங்கே கொஞ்ச காலம் ஒளித்து வையும் என்று கெஞ்சுகிறான். யாராவது நரகத்தில் ஒளித்து வை என்று கேட்பார்களா? அதைக் கிரேக்கத்தில் ‘ஹாதேஸ்’ ஆக்கினார்கள். ஐசுவரியவான் கதையில் வருவது அந்த ஹாதேஸ்.

‘கெஹென்னா’ வேறு. புதிய ஏற்பாட்டில் 12 தடவை. யாக்கோபு நிருபத்தில் ஒன்று, மீதி பதினொன்றும் இயேசு வாயிலிருந்து. நம் வேதத்தில் நரகம், எரிநரகம் என்று வருவது அது. எருசலேமுக்குத் தெற்கே இருக்கிற இன்னோம் பள்ளத்தாக்கு. அங்கே பிள்ளைகளைத் தீயில் பலி கொடுத்தார்கள், யோசியா ராஜா அந்த இடத்தைத் தீட்டாக்கினான், எரேமியா அதைச் சபித்தான். ஊர்க் குப்பை எரிந்துகொண்டே இருந்த இடம் என்று பிரசங்கிமார் எல்லாரும் சொல்வார்கள், நானும் முப்பது வருஷம் சொன்னேன். பிறகுதான் தெரிந்தது, அந்தக் குப்பைமேட்டுக் கதையை முதலில் எழுதி வைத்தவர் 1200-ஐ ஒட்டி வாழ்ந்த தாவீது கிம்ஹி என்கிற யூத ரபி. இயேசு காலத்துக்குச் சாட்சி இல்லை.

ஆங்கிலக்காரர்கள் பாடு இன்னும் மோசம். 1611-ஆம் வருஷத்து ஜேம்ஸ் ராஜா பைபிளில் ஷியோலை 31 இடத்தில் நரகம் என்றும், 31 இடத்தில் கல்லறை என்றும், 3 இடத்தில் குழி என்றும் போட்டுவிட்டார்கள். நம் ஆட்கள் பெரும்பாலும் பாதாளம் என்றே விட்டார்கள். பெரும்பாலும் என்றேன், ஏனென்றால் சங்கீதம் 9:17-ல் நரகம் என்று போட்டிருக்கிறார்கள். யாராவது அதைக் கொண்டுவந்து என்னை மடக்குவதற்குள் நானே சொல்லிவிட்டேன்.

மஞ்சூர் சனிக்கிழமை | செவ்வாய், காலை 9.05

ஐயா வழி திறந்துவிட்டார், நன்றி. நான் ஏழாம் நாள் அட்வெந்து சபை.

எங்கள் பதில் நேரானது. உங்கள் அப்பா இப்போது எங்கேயும் எரியவில்லை. தூங்குகிறார். மரித்தவர்கள் ஒன்றும் அறியார்கள் என்று பிரசங்கி 9:5. பெத்தானியா லாசரு (அந்தக் கதையில் வருகிறவன் இல்லை, வேறு ஆள்) செத்தபோது இயேசு என்ன சொன்னார்? நித்திரையாயிருக்கிறான் என்றார். நாலு நாள் கழித்து எழுந்து வந்த லாசரு, அந்த நாலு நாளும் எங்கே இருந்தேன் என்று ஒரு வார்த்தை பேசியதாக எழுதவில்லை. தூங்கி எழுந்தவனிடம் என்ன சேதி இருக்கும்?

கடைசி நியாயத்தீர்ப்பில் நெருப்பு உண்டு, அதை நாங்கள் மறுப்பதில்லை. ஆனால் அந்த நெருப்பு வதைத்துக்கொண்டே இருக்காது, எரித்து முடித்துவிடும். மத்தேயு 10:28-ல் ஆத்துமாவையும் சரீரத்தையும் நரகத்தில் ‘அழிக்க’ வல்லவர் என்றுதான் இருக்கிறது. பாவத்தின் சம்பளம் மரணம், சித்திரவதை இல்லை.

இதை நாங்கள் மட்டும் சொல்லவில்லை. லண்டனில் இருந்த ஜான் ஸ்டாட், ஆங்கிலிக்கன் ஆயர், சுவிசேஷகர்கள் எல்லாம் மதிக்கிறவர். 1988-ல் வந்த ஒரு புத்தகத்தில், தயங்கித் தயங்கி, முடிவில்லாத வேதனை என்பதைத் தன்னால் ஏற்க முடியவில்லை, கடைசியில் அழிவுதான் என்று நினைக்கிறேன் என்று எழுதினார். பெரிய புயல் கிளம்பியது.

காட்டேரி பிரதர், உங்கள் அப்பா விறகு தள்ளியவர் என்றீர்களே. அவரைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார், அவியாத நெருப்பு என்றால் என்ன என்று. டிரையர் அடுப்பை நடுவில் தண்ணீர் ஊற்றி அணைக்கிறவன் உண்டா? விறகு தீர்ந்தால் தானாக அடங்கும், சாம்பல் மிஞ்சும்.

அக்கினி ஜுவாலை | செவ்வாய், காலை 9.40

விறகு தீர்ந்தால் அடங்கும், சரி. புழு சாவாது என்பதை என்ன செய்வீர்கள்?

மத்தேயு 25:46. ஒரே வசனத்தில் நித்திய ஆக்கினை, நித்திய ஜீவன். இரண்டுக்கும் கிரேக்கத்தில் ஒரே சொல், அயோனியோஸ். ஆக்கினைக்கு முடிவு உண்டு என்றால் ஜீவனுக்கும் முடிவு உண்டு என்று ஆகிவிடும். இதை அகஸ்தீன் ஆயிரத்து அறுநூறு வருஷத்துக்கு முன்பே எழுதிவிட்டார். வெளிப்படுத்தல் 20:10-ல் இரவும் பகலும் சதாகாலமும் என்று வேறு இருக்கிறது. அதற்கு மேல் எப்படித் தெளிவாகச் சொல்வது?

மஞ்சூர் சனிக்கிழமை | செவ்வாய், காலை 9.58

யூதா நிருபம் 7, சோதோம் கொமோரா நித்திய அக்கினியில் தண்டிக்கப்பட்டது. இன்றைக்குப் போனால் எரிந்துகொண்டா இருக்கிறது? விளைவு நித்தியம், எரிவது நித்தியம் இல்லை.

அக்கினி ஜுவாலை | செவ்வாய், காலை 10.03

ஊரும் ஆத்துமாவும் ஒன்றா?

மட்டுறுத்துநர் | செவ்வாய், காலை 10.30

இருவரும் இதற்கு முன் மூன்று இழைகளில் இதே இடத்துக்கு வந்து நின்றிருக்கிறீர்கள். கேட்டவருக்கு அம்மா இருக்கிறார், அதை நினைவில் வைத்து எழுதுங்கள்.

செண்பகனூர் அக்கா | செவ்வாய், மதியம் 2.10

கொடைக்கானலிலிருந்து எழுதுகிறேன் தம்பி. நாங்கள் ஆர்.சி. எங்களிடம் நரகமும் உண்டு, மோட்சமும் உண்டு, நடுவில் உத்தரிக்கிற ஸ்தலமும் உண்டு, மோட்சம் போகுமுன் ஆத்துமா சுத்தமாகிற இடம். இந்த மூன்றாவது உங்களிடம் இல்லாததால்தான் உங்கள் அம்மா டம்ளரை வைத்துக்கொண்டு தவிக்கிறார்கள் என்று எனக்குப் படுகிறது. கோபித்துக்கொள்ள வேண்டாம். எங்கள் வீட்டில் யாராவது இப்படிச் செத்தால், பூசைக்குக் கொடுப்போம், ஜெபமாலை சொல்வோம், நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவர்த்தியோடு போவோம். செத்தவருக்காகச் செய்ய நமக்கு ஒரு வேலை இருக்கும். உங்கள் சபையில் அடக்கம் முடிந்ததும் கையைக் கட்டிப் போட்டுவிடுகிறார்கள்.

நரகம் இல்லை என்று எங்கள் திருச்சபை சொல்வதில்லை. சாவான பாவத்தோடு, மனம் திரும்பாமல் சாகிறவர்களுக்கு நரகம், அது நித்தியம். ஆனால் இந்த மனிதர் நரகத்தில் இருக்கிறார் என்று பெயர் சொல்லி எந்தக் காலத்திலும் அறிவித்ததில்லை. புனிதர் என்று ஆயிரக்கணக்கில் அறிவித்திருக்கிறார்கள், நரகவாசி என்று ஒருவரைக்கூட இல்லை. 1999 ஜூலையில் போப் இரண்டாம் ஜான் பால் ஒரு புதன்கிழமை உரையில், நரகம் என்பது ஓர் இடம் என்பதைவிட, கடவுளைவிட்டுத் தானாகவே முழுசாக விலகிக்கொண்ட ஒரு நிலை என்று விளக்கினார். ஜெபமாலையில் ஒவ்வொரு பத்துக்கும் கடைசியில் நாங்கள் சொல்கிற பாத்திமா ஜெபம் இருக்கிறதே, நரக நெருப்பிலிருந்து மீட்டருளும் என்று கேட்ட கையோடு, “எல்லாரையும்” மோட்ச பாதையில் நடத்தச் சொல்லும். போர்ச்சுகலில் பாத்திமா என்கிற ஊரில் 1917-ல் மூன்று பிள்ளைகள் நரகத்தைக் காட்சியாகக் கண்டதாகச் சொன்ன அதே நாளில் வந்த ஜெபம் அது. நரகத்தைப் பார்த்த கையோடு எல்லாரையும் என்று கேட்கச் சொன்னதை யோசித்துப் பாருங்கள்.

எங்களுடையது எல்லாம் ஆறுதல் என்றும் சொல்லமாட்டேன். என் பாட்டிக்கு முதல் பிள்ளை பிறந்து இரண்டு மணி நேரத்தில் போய்விட்டது. ஞானஸ்நானம் கொடுக்கவில்லை. கல்லறைத் தோட்டத்துக்குள் இடம் இல்லை என்று வேலிக்கு வெளியே, ஒரு பேரிக்காய் மரத்தடியில் புதைத்தார்கள். அந்தப் பிள்ளை மோட்சமும் போகாது, நரகமும் போகாது, லிம்போ என்று ஓர் ஓரத்தில் இருக்கும் என்று அப்போது சொல்லிக் கொடுத்தார்கள். 2007-ல் ரோமில் இறையியல் ஆணையம் ஒரு ஆவணம் வெளியிட்டது, ஞானஸ்நானம் இல்லாமல் இறந்த பிள்ளைகள் மீட்கப்படுவார்கள் என்று நம்ப நல்ல காரணங்கள் உண்டு என்று. பத்திரிகையில் வந்ததைப் பாட்டிக்கு வாசித்துக் காட்டினேன். தொண்ணூறு வயது. “இப்போதுதான் அவர்களுக்குத் தெரிந்ததா” என்று கேட்டுவிட்டு வெற்றிலையை இடித்தாள். கல்லறைத் திருநாளுக்கு அவள் முதல் மெழுகுவர்த்தி எப்போதும் வேலிக்கு வெளியேதான் வைப்பாள். எந்த ஆவணமும் வராத காலத்திலிருந்தே.

குமாஸ்தா | செவ்வாய், மாலை 6.45

கோர்ட்டில் பேப்பர் கட்டுகிறவன் என்பதால் ஒரு கேஸ் சொல்கிறேன். சி.எஸ்.ஐ. ஐயாவுக்குப் பிடிக்கும்.

இங்கிலாந்து திருச்சபை 1553-ல் தன் விசுவாசத்தை 42 கட்டளைகளாக எழுதியது. கடைசிக் கட்டளை, எல்லாரும் முடிவில் இரட்சிக்கப்படுவார்கள் என்று சொல்வது தப்பு என்றது. செத்தவர்கள் தூங்குகிறார்கள் என்பதும் தப்பு என்று இன்னொன்று. பத்து வருஷம் கழித்து 1563-ல் திருத்தி எழுதியபோது இரண்டையும் எடுத்துவிட்டார்கள். ஆக மஞ்சூர்க்காரரைக் கண்டிக்க இன்றைய 39 கட்டளைகளில் ஒன்றும் இல்லை. (உத்தரிக்கிற ஸ்தலத்தைக் கண்டிக்கிற 22-ஆம் கட்டளை மட்டும் பத்திரமாக இருக்கிறது, அக்கா மன்னிக்கவும்.)

அப்புறம் 1860-ல் வில்சன் என்கிற ஒரு பாதிரியார், கெட்டவர்களுக்கும் கடைசியில் கடவுள் இரங்குவார் என்று நம்பலாமே என்று எழுதப்போய், சர்ச் கோர்ட்டில் வழக்கு. அவருக்குத் தண்டனை. அப்பீல், அப்போது கடைசிக் கோர்ட்டாக இருந்த பிரிவி கவுன்சிலுக்குப் போனது. 1864 பிப்ரவரியில் லார்ட் வெஸ்ட்பரி தீர்ப்புச் சொன்னார். கெட்டவர்களுக்கு முடிவில்லாத தண்டனை என்பதை ஒரு பாதிரியார் நம்பியே ஆக வேண்டும் என்று சட்டத்தில் எங்கேயும் இல்லை, அப்பீல் அனுமதிக்கப்படுகிறது. வக்கீல்கள் உடனே ஒரு ஜோக் கட்டிவிட்டார்கள், வெஸ்ட்பரி நரகத்தைச் செலவுத் தொகையோடு தள்ளுபடி செய்துவிட்டார் என்று. பதினோராயிரம் பாதிரிமார் கையெழுத்துப் போட்டு எதிர்ப்புத் தெரிவித்தார்கள், அதையும் சொல்ல வேண்டும்.

பழைய உபதேசியார் | செவ்வாய், இரவு 8.15

குமாஸ்தா சொன்னது சரிதான். ஆனால் பிரிவி கவுன்சில் தள்ளுபடி செய்தால் நரகம் போய்விடுமா என்ன.

கேத்தி ஹட்டி | புதன், காலை 7.30

இந்த மலையிலேயே இதைப் பற்றி ஒரு பேச்சு இருந்தது, கிறிஸ்தவம் வருவதற்கு முன்பிருந்தே. யாரும் சொல்லாததால் நான் எழுதுகிறேன். நான் படகர், எங்கள் குடும்பம் நாலு தலைமுறையாகக் கிறிஸ்தவர்கள். பேசல் மிஷன் கேத்தியில் இருந்த காலத்தில் சேர்ந்தவர்கள்.

எங்கள் பழைய சாவுச் சடங்கில் ‘கரு ஹரசோது’ என்று ஒன்று உண்டு. ஒரு பெரியவர் நின்று செத்தவர் செய்திருக்கக்கூடிய பாவங்களை எல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்வார். எல்லைக் கல்லை நகர்த்தியது, பக்கத்து வீட்டுக்காரன் எருமை நிறையப் பால் கறக்கிறதைப் பார்த்துப் பொறாமைப்பட்டது, வழிப்போக்கனுக்கு வழி மாற்றிச் சொன்னது, இப்படி. சுற்றி நிற்கிற கூட்டம் அதெல்லாம் பாவம் என்று சேர்ந்து சொல்லும். ஆயிரத்து முந்நூறு பாவம் செய்திருந்தாலும் இன்றைக்கு விடுகிற கன்றோடு போகட்டும் என்று கன்றுக்குட்டியை அவிழ்த்துவிடுவார்கள். பிறகு வேண்டுதல்: மேல்வாசல் திறக்கட்டும், நரக வாசல் மூடட்டும், எரிகிற தூண் குளிரட்டும், நூல் பாலம் இறுகட்டும். செத்தவர் நூலில் நடந்து ஆற்றைத் தாண்ட வேண்டும், அதற்காக ஊரே நின்று நூலை இழுத்துப் பிடிக்கிற மாதிரி.

தோடர்களிடமும் நூல் பாலம் உண்டு. 1906-ல் மானிடவியலாளர் ரிவர்ஸ் தோடர்களைப் பற்றி எழுதிய புத்தகத்தில் இருக்கிறது. சுயநலக்காரன், பொறாமைக்காரன், பால்மடத்துக்கு (அதுதான் அவர்கள் கோவில்) குற்றம் செய்தவன், இவர்கள் நூல் அறுந்து ஆற்றில் விழுவார்கள். ஆறு முழுக்க அட்டை. மழைக்காலத்தில் சோலைக்குள் போனவர்களுக்கு அது என்ன தண்டனை என்று விளக்க வேண்டாம். ஆனால் கொஞ்ச காலம் கடிபட்ட பிறகு அவர்களும் செத்தவர்கள் உலகமான அம்நோடுக்குப் போய்ச் சேர்ந்துவிடுவார்கள். எவ்வளவு மோசமான தோடனும் கடைசியில் போய்ச் சேருவான்.

கன்றை விடக்கூடாது என்று மிஷனரிகள் தடுத்தார்கள், அது அவர்கள் நம்பிக்கைப்படி சரி. பாவத்தைச் சுமக்க ஆட்டுக்குட்டி ஏற்கெனவே வந்தாயிற்று என்றார்கள். எனக்கும் அதுதான் விசுவாசம். ஆனால் காட்டேரி அண்ணன் எழுதியதைப் படித்ததும் எங்கள் தாத்தா சொன்னது ஞாபகம் வந்தது. “அந்தக் காலத்தில் பாவத்தைச் சொன்னது விடுவிக்க, கட்டிப்போட இல்லை” என்பார்.

அக்கினி ஜுவாலை | புதன், காலை 8.10

மதிப்போடு சொல்கிறேன், அட்டை ஆற்றையும் வேதத்தையும் ஒரே தராசில் வைக்க வேண்டாம்.

கேத்தி ஹட்டி | புதன், காலை 8.22

வைக்கவில்லை. பெட்டி மூடுமுன் என்ன பேசுவது என்பதைப் பற்றித்தான் எழுதினேன்.

கூடலூர் சிரியன் | புதன், இரவு 9.30

தமிழில் தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், வீட்டில் மலையாளம். நாங்கள் ஆர்த்தடாக்ஸ்.

கிழக்கத்திய சபைகளில் இதை வேறு மாதிரி நினைக்கிறவர்கள் உண்டு. நெருப்பு வேறு, கடவுள் வேறு இல்லை. ஏழாம் நூற்றாண்டில் நினிவேயில் கொஞ்ச காலம் பிஷப்பாக இருந்த மார் ஐசக், கெஹென்னாவில் இருப்பவர்களை அடிப்பது அன்பின் சாட்டைதான் என்று எழுதினார். அதே அன்புதான் பரிசுத்தவானுக்கு ஆனந்தம், அதை வெறுத்தவனுக்கு எரிச்சல். கண்வலி வந்தவனுக்கு வெயில் குத்துகிற மாதிரி. அவர் எழுத்தின் இரண்டாம் பாகம் தொலைந்துபோனதாக நினைத்திருந்தார்கள், 1983-ல் ஆக்ஸ்ஃபோர்டு நூலகத்தில் ஒரு கையெழுத்துப் பிரதி கிடைத்தது. அதில் இன்னும் துணிந்து, கெஹென்னாவுக்கே கடைசியில் ஒரு நல்ல நோக்கம் கடவுளிடம் இருக்கும், பழிவாங்குகிறவர் அவர் இல்லை என்று வாதாடுகிறார்.

எல்லாரும் கடைசியில் திரும்புவார்கள் என்று மூன்றாம் நூற்றாண்டிலேயே ஒரிகன் சொன்னார். அவர் பெயரில் இருந்த போதனைகளை 553-ல் கான்ஸ்தாந்திநோப்பிள் சங்கத்தை ஒட்டிச் சபித்தார்கள். ஆனால் கிட்டத்தட்ட அதையே எழுதிய நீசாவின் கிரிகோரியை யாரும் தொடவில்லை, அவர் இன்றும் புனிதர். எங்கள் பக்கம் எல்லாரும் இப்படி நம்புவதாக நினைக்க வேண்டாம். என் அம்மாவிடம் சொன்னால் துடைப்பத்தை எடுப்பார்.

குமாஸ்தா | வியாழன், மாலை 5.20

இன்னொன்று. முத்துக்குளித்துறையில் 1542-ல் வந்து இறங்கிய சவேரியார் பிறகு ஜப்பானுக்குப் போனார். 1552-ல் எழுதிய கடிதத்தில், அங்கே புதிதாகச் சேர்ந்தவர்கள் தங்கள் செத்துப்போன அப்பா, அம்மா, பாட்டன்மாரை நரகத்திலிருந்து மீட்க வழி உண்டா என்று கேட்டதாகவும், இல்லை என்றதும் அழுதுகொண்டே இருந்ததாகவும் எழுதுகிறார். அழுகையைப் பார்த்துத் தனக்கும் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது என்கிறார். நானூற்றி எழுபது வருஷம் ஆகிறது, காட்டேரியில் அதே கேள்வி.

பழைய உபதேசியார் | வியாழன், இரவு 7.50

எல்லாரும் இரக்கத்தின் பக்கம் சாய்ந்துகொண்டே போகிறீர்கள். எனக்கும் அதுதான் ஆசை. ஆனால் ஒரு முள் குத்துகிறது, அதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும்.

தம்பி, உன் அப்பாவின் பாட்டன்மார் இலங்கைக்குப் போன காலத்தில் ‘துண்டு’ என்று ஒன்று இருந்தது. கூலிக்காரன் எவ்வளவு கடன் என்று எழுதின சீட்டு. அந்தத் துண்டைக் கைமாற்றினால் ஆளும் கைமாறுவான், கடன் தீரவே தீராது. கங்காணி என்ன எழுதினானோ அதுதான் கணக்கு. 1921-ல்தான் சட்டம் போட்டு ஒழித்தார்கள். அப்படிக் கணக்கெழுதிக் குடும்பம் குடும்பமாக உறிஞ்சினவன், நல்ல மெத்தையில், பேரன் பேத்தி சுற்றி நிற்க, நிம்மதியாகச் செத்தான். அவனுக்கும் சாம்பல், முடிந்தது என்றால், அல்லது அவனும் கொஞ்சம் கடிபட்டுவிட்டு உள்ளே வந்துவிடுவான் என்றால், துண்டில் கைநாட்டு வைத்தவன் யாரிடம் போய்க் கேட்பான்? ஐசுவரியவான் கதையை இயேசு சொன்னது லாசருவுக்காகத்தான். வாசலில் புண்ணோடு கிடந்தவனுக்குப் பெயர் இருக்கிறது, பணக்காரனுக்குப் பெயர்கூட இல்லை. அந்தக் கதையை எடுத்து, வாழ்நாள் முழுக்க விறகு தள்ளினவன் பெட்டிக்கு முன்னால், அவனைப் பணக்காரன் இடத்தில் நிறுத்திச் சொன்னானே, அதுதான் எனக்கு ஆறவில்லை. நரகம் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ஆள் மாறிப்போயிற்று என்கிறேன்.

இன்னொன்று, இது அம்மாவுக்கு. விசுவாசப் பிரமாணத்தில் ஞாயிறுதோறும் சொல்கிறோமே, “பாதாளத்தில் இறங்கினார்” என்று. யார் இறங்கினார்? ஏன் இறங்கினார்? காவலில் இருந்த ஆவிகளுக்குப் பிரசங்கித்தார் என்று 1 பேதுரு 3:19. அதை வைத்து எத்தனையோ விளக்கம், ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. ஆனால் வெளிப்படுத்தல் முதல் அதிகாரத்தில் அந்தப் பாதாளத்தின் சாவி யார் கையில் இருக்கிறது என்று பார்க்கச் சொல். பிரசங்கியார் கையில் இல்லை.

அக்கினி ஜுவாலை | வியாழன், இரவு 8.30

ஐயா, இதற்கு ஆமென். மீதியில் உங்களோடு இன்னும் ஒத்துப்போகவில்லை.

காட்டேரி பிரதர், ஞாயிறு மத்தியானம் அம்மா வீட்டில் இருப்பார்களா? குன்னூர் வருகிற வேலை இருக்கிறது. பிரசங்கம் பண்ணமாட்டேன்.

காட்டேரிக்காரன் | சனி, இரவு 11.05

எல்லாவற்றையும் படித்தேன், சிலதை இரண்டு தடவை. பதில் எழுத நேரம் கிடைக்கவில்லை, மழையில் கூரைத் தகரம் ஒன்று தூக்கிவிட்டது.

அம்மாவுக்கு எல்லாம் சொல்லவில்லை. ஒரிகன், பிரிவி கவுன்சில் என்றெல்லாம் சொன்னால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். தூங்குகிறார் என்று ஒரு சபை சொல்கிறது என்றேன். “தூங்கட்டும், நைட் ஷிஃப்ட் பார்த்த மனுஷன்” என்றாள். அழிந்துபோவார் என்பதைச் சொல்ல எனக்கே வாய் வரவில்லை, மஞ்சூர் பிரதர் மன்னிக்கணும். எரிவது மோசமா, இல்லாமலே போவது மோசமா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

ஐயா சொன்ன விசுவாசப் பிரமாணத்தைச் சொன்னேன். அம்மா அதை ஐம்பது வருஷமாகச் சொல்கிறாள். அந்த வரி வந்ததும் நிறுத்தச் சொன்னாள். “இறங்கினார்னா, அங்க போய்ப் பார்த்திருக்காரா?” என்றாள். ஆமாம் என்றேன். “அப்போ வெக்கை எப்படின்னு தெரியும்” என்றாள். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

டம்ளர் இன்னும் வைக்கிறாள். நிறுத்தச் சொல்லப் போவதில்லை. காலையில் அந்தத் தண்ணீரை வாசலில் இருக்கிற ஜெரேனியம் தொட்டியில் ஊற்றுகிறாள், முன்னாலெல்லாம் முற்றத்தில் வீசிக்கொண்டிருந்தாள்.

ஜுவாலை பிரதர், ஞாயிறு வாருங்கள், மூன்று மணிக்கு மேல். வர்க்கியும் டீயும் உண்டு. பைபிள் பைக்குள்ளேயே இருக்கட்டும், முடிந்தால் தகரம் அடிக்க ஒரு கை பிடியுங்கள்.

செண்பகனூர் அக்கா, ஒரு கேள்வி. நவம்பர் 2-க்கு நாங்களும் அப்பா கல்லறைக்குப் போகலாம் என்று அம்மா கேட்கிறாள். எங்கள் சபையில் அந்த வழக்கம் இல்லை, யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள் என்று நினைக்கிறேன். எங்கள் கல்லறைத் தோட்டம் சரிவில் இருக்கிறது, சாயங்காலம் காற்று பிய்த்துக்கொண்டு போகும். மெழுகுவர்த்தி எப்படி நிற்க வைக்கிறீர்கள்?

செண்பகனூர் அக்கா | ஞாயிறு, காலை 5.50

பூசைக்குக் கிளம்புகிறேன், சீக்கிரமாகச் சொல்கிறேன். மெழுகுவர்த்தியை வெறுமனே வைத்தால் நம் மலையில் ரெண்டு நிமிஷம் தாங்காது. பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் இருந்தால் எடுத்து வையுங்கள். அடியில் இரண்டு விரல் மணல் போட்டு, குட்டையான, தடிமனான மெழுகுவர்த்தியாகப் பார்த்து மணலில் செருகுங்கள். மூடி வேண்டாம், மூடினால் அணைந்துவிடும். பாட்டிலைப் பாதி மண்ணில் புதைத்துவிடுங்கள், சரிவில் உருளாது. சாமந்தியை முதல் நாளே வாங்கிவிடுங்கள், அன்றைக்கு விலை ஏறிவிடும். தீப்பெட்டி இரண்டு கொண்டுபோங்கள், பனியில் ஒன்று நமுத்துப்போகும்.